பாதி வழியில் நிற்கும் மெசின்

— எழுத்து வெட்டுற மெசினு இப்பவும் பாதியிலதான் நிக்குது.

— எந்தப் பக்கம் போகும்போது சுஜி?

— இடது பக்கம். ஹோம் பட்டனை அமுக்கினதும் மூலையப் பாத்துத்தான் போகுது. பாதி தூரம் போனதும் நின்னுக்கிட்டு, வந்து சேந்துட்டேன்னு லேப்டாப்புல காட்டுது. மூலையில இருக்கிற சுவிட்சைத் தொடவே இல்ல. இன்னும் ஒரு சாண் கெடக்கு.

— தொடாமயே தொட்டுட்டேங்குதா?

— ஆமா. நான்தான் ஏதோ தப்பாப் பண்ணிட்டேனோ என்னமோ.

— யாரு ஆத்தா போன்ல? பிரபுவா?

— ஆமா அத்தை. ஸ்பீக்கர்லதான் இருக்காரு. பேசுறதுன்னா பேசுங்க.

— நான் என்னத்தப் பேச? பெத்தவ இருக்காளா செத்தாளான்னு ஒரு நாளு கேக்கல. மெசினுக்கு மேலு சரியில்லைன்னதும் எடுத்துட்டான் பாரு.

— அம்மா, நல்லா இருக்கியாம்மா?

— இருக்கேன்டா அப்பு. மெசினு வீட்டுக்குப் போக மாட்டேங்குதாம். நீ செஞ்ச மெசினுதானே, உன்னையக் கொண்டுதான் இருக்கும்.

— அத்தை, செத்த சும்மா இருங்க. அவரு மலையில பாறை மேல ஏறி நின்னு பேசுறாரு. டவரு போயிரும்.

— பாறையிலயா? ஆனை கீனை வந்துறப் போகுதுடா.

— ஆனை நேத்தே அந்தப் பக்கம் எறங்கிருச்சும்மா. ரெண்டு கோடு டவரு இருக்கு, பரவால்ல. காயவைக்கிற ஸ்டோருல ஏலக்கா உலந்துக்கிட்டு இருக்கு, மொதலாளி சேட்டன்கிட்டச் சொல்லிட்டுத்தான் வந்தேன். ஒவ்வொண்ணாப் பாப்போம் சுஜி. மொதல்ல சுவிட்சு. அதோட நாக்கை விரலால அமுக்கு.

— அமுக்கிட்டேன். ‘டிக்’குன்னுச்சு. லேப்டாப்புல செவப்பாப் புள்ளி விழுகுது.

— விடு.

— புள்ளி போயிருச்சு.

— அப்ப சுவிட்சு நல்லா இருக்கு. அடுத்து தூசி. நாக்குக்கு அடியில மரத்தூளு அடைஞ்சிருந்தா—

— பிரஷ் போட்டு எடுத்துட்டேன். ஒயரு முனையையும் திருகிப் பாத்துட்டேன், லூசு இல்ல. சுவிட்சை மாத்திப் புதுசு ஒண்ணும் போட்டுப் பாத்தேன். அதுலயும் இப்படித்தான்.

— அடேயப்பா.

— அடேயப்பா எல்லாம் வேணாம். எட்டு மாசமா நான்தான ஓட்டுறேன்.

— தேனிக்கு சாயங்காலக் கிளாசுக்குப் போயி சர்டிபிகேட்டே வாங்கிட்டாடா அவ. இருட்டுனதுக்கு அப்புறம்தான் பஸ்சுல தொங்கிக்கிட்டு வருவா.

— எங்கிட்டச் சொல்லவே இல்லையே சுஜி?

— நீங்க கேக்கலையே.

— நீ போனையே எடுக்கலையே.

— இப்ப எடுத்திருக்கேன்ல. நானேதான் கூப்பிட்டேன். வேற யாருக்கும் இந்த மெசினோட உள்கூடு தெரியாதுங்கிறதுக்காகக் கூப்பிட்டேன். அதோட நிறுத்திக்குவோம்.

— சரி. ஒவ்வொண்ணாப் பாப்போம்.

— எனக்கு ஒண்ணு புரியலடா அப்பு. அது ஏன் மூலைக்குப் போகணும்? நின்ன எடத்துலேர்ந்து வெட்டுனா ஆகாதா?

— ஆகாதும்மா. சுவிட்சு போட்ட ஒடனே தான் எங்க இருக்கோம்னு அதுக்குத் தெரியாது. கண்ணைக் கட்டி விட்ட மாதிரி. மூலைக்குப் போயி சுவிட்சைத் தொட்டதும், சரி, இதுதான் வீடு, இங்கேர்ந்து இத்தனை தூரம்னு அளந்து வெட்டும். வீடு தப்பாயிருச்சுன்னா வெட்டுறது பூராம் தப்பாயிரும்.

— அப்படித்தான் ஆச்சு. ஒரு பலகை வீணாப் போச்சு. நடுவுல வர வேண்டிய எழுத்து ஓரத்தைத் தாண்டி, பலகையப் புடிச்சிருந்த கிளாம்பையும் செதுக்கிருச்சு. இருக்கிறது இனி இந்த ஒரு பலகைதான்.

— யாரு ஆர்டரு?

— ஒரு போர்டு. சாயங்காலத்துக்குள்ள மாட்டணும்.

— அதான் யாருக்குன்னு கேட்டேன்.

— அதைத் தெரிஞ்சு மெசினை எப்படிச் சரி பண்ணுவீங்க?

— கேக்காதடா அப்பு. சொன்னாக் கேளு.

— சரிம்மா, கேக்கல. சுஜி, நான் ஒண்ணு சொல்லவா? திட்டாம கேளு. அடுத்த மாசத்தோட காய் எடுப்பு கொறையும். சேட்டன்கிட்டக் கணக்கு முடிச்சுக்கிட்டு கீழயே வந்துரலாம்னு இருக்கேன். நீ சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். சொல்லாம வாசப்படி மிதிக்க மாட்டேன்.

— மொதல்ல மெசினு போகட்டும்.

— அது போனதும்?

— மெசினைச் சொல்லுங்க.

— ...ம். ஹோம் போடும்போது வேற என்னென்ன ஓடுது?

— தூசி உறிஞ்சுறது ஓடும். வெட்டுற மோட்டாரும் ஓடும். ரெண்டையும் முன்னாடியே போட்டு வச்சுக்குவேன். மறந்துருவோமோன்னு ஒரு பயம்.

— ரெண்டையும் அணை. இப்ப ஹோம் போடு.

— போட்டுட்டேன். போகுது... பாதியத் தாண்டிருச்சு... ஆத்தி, தொட்டுருச்சு! மூலையில போயித் தொட்டுருச்சுங்க!

— ஆமாடா, தொட்டுருச்சு. நானும் பாத்தேன்.

— இரு சுஜி, இரு. தூசி உறிஞ்சுறதை மட்டும் போட்டுட்டு இன்னொரு தடவை.

— ...இப்பவும் தொட்டுருச்சு.

— வெட்டுற மோட்டாரைப் போடு.

— ...பாதியில நின்னுருச்சு.

— கெடைச்சுருச்சு. மோட்டாரு ஒயரும் சுவிட்சு ஒயரும் எப்படி இருக்கு? நான் ரெண்டையும் ரெண்டு பக்கமாத்தான விட்டிருந்தேன்?

— அது... நேத்து வரைக்கும் அப்படித்தான் இருந்துச்சு.

— இப்ப?

— நான்தான்டா பின்னிவிட்டேன்.

— என்னது?

— சடை போட்டேன்டா. நேத்து வீட்டை ஒதுங்க வைக்கும்போது பாத்தேன், அந்த ரெண்டும் தூசி உறிஞ்சுறதோட ஒயரும் பேயி தலை மாதிரி தொங்கிக்கிட்டு கெடந்துச்சு. காலைத் தட்டுது. மூணும் சடைக்கு மூணு காலு. நல்லா இறுக்கிப் பின்னி, நுனியில ரிப்பனும் கட்டிவிட்டேன்.

— ரிப்பனா?

— செவப்பு ரிப்பன். பாக்க லட்சணமாத்தான் இருக்கு. ஏன், ஆகாதா?

— சுஜி, நீ சிரிக்கிறியா?

— இல்ல.

— சிரிச்ச. கேட்டுச்சு.

— ரிப்பனைக் குஞ்சம் மாதிரி கட்டியிருக்காங்க. எனக்கே இப்பத்தான் தெரியும்.

— எம் மேல பழியப் போட்டு ரெண்டு பேரும் சிரிச்சுக்கங்க. சிரிச்சாச் சரி. நான் என்ன தப்புப் பண்ணேன், அதைச் சொல்லுங்க.

— தப்பு இல்லம்மா. மோட்டாரு ஒயருல கரண்டு குதிச்சுக் குதிச்சுப் போகும். ஒட்டிக்கிட்டு இருக்கிற சின்ன ஒயருக்கும் அந்தக் குதி கொஞ்சம் தொத்திக்கும். சுவிட்சு தட்டுன மாதிரியே இருக்கும். மெசினு பாவம், வீடு வந்துருச்சுன்னு நின்னுருது.

— அடக் கூறுகெட்ட மெசினே. இரு, பிரிச்சு விடுறேன்.

— மெதுவாப் பிரிங்க அத்தை, ஒயரை இழுத்துறாதீங்க. நான் மோட்டாரை அணைச்சுட்டேன்.

— அம்மா பிரிக்கட்டும். சுஜி, நீ லேப்டாப்புல செட்டிங்கைத் தொற. ஹோம்னு ஒரு பக்கம் இருக்கும். அதுல ‘எத்தனை தடவை’ங்கிற எடத்தைப் பாரு.

— ஒண்ணுன்னு இருக்கு.

— ரெண்டுன்னு மாத்து.

— மாத்துனா?

— தட்டுன ஒடனே நம்பாது. செத்த பின்னாடி வந்து, மெதுவாப் போயி, இன்னொரு தடவை தொட்டுப் பாக்கும். அப்புறம்தான் வந்துட்டேங்கும்.

— இத்தனை நாளா ஒண்ணுன்னா வச்சிருந்தீங்க?

— வெரசா முடியட்டும்னு.

— ஒரு தட்டு கேட்டதும் நம்பிடுறது.

— ம்.

— திருப்பி ஒரு தடவை கேட்டா என்ன கொறைஞ்சு போயிரும்?

— ...மெசினைத்தான் சொல்றியா?

— எதைச் சொல்றேன்னு உங்களுக்குத் தெரியும்.

— ஆத்தா, வேணாம். சோலியப் பாரு.

— எட்டு மாசமா சோலியத்தான் பாத்தேன் அத்தை. அன்னைக்கு மத்தியானம் நீங்க தேவாரம் ஊருக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தீங்க. அடுப்படியில நிக்கிறேன், காலு நனையுது. குனிஞ்சு பாத்தா ரத்தம். அப்படியே உக்காந்துட்டேன், எந்திரிக்க முடியல. உக்காந்த எடத்துலேர்ந்து இவருக்குத்தான் அடிச்சேன். அடிச்சு, அடிச்சு, பக்கத்து வீட்டுப் பேச்சியக்கா சத்தம் கேட்டு வந்து என்னை ஆட்டோவுல ஏத்துற வரைக்கும் அடிச்சேன். ஆட்டோவுலயும் அடிச்சேன்.

— தெரியும் ஆத்தா.

— ஆஸ்பத்திரியில வச்சு ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். நான் கூப்பிட்டதைப் பாத்தீங்களான்னு. பாத்தேன்னாரு. அவ்வளவுதான். தலையக் குனிஞ்சுக்கிட்டு, பாத்தேன்னாரு.

— பாத்தேன் சுஜி. பொய் சொல்லல.

— பாத்துட்டு என்ன செஞ்சீங்கன்னும் தெரியும். ஜீப்பு ஓட்டுற ராக்கையா அண்ணே சொன்னாரு. சாயங்காலம் ஸ்டோருல இருந்த அத்தனை பேத்துக்கும் சாயாவும் பழம்பொரியும் வாங்கிக் குடுத்தீங்களாம். எம்புள்ள உள்ளயே செத்துக் கெடக்கு. நீங்க அங்க பழம்பொரி குடுக்குறீங்க.

— எதுக்குக் குடுத்தேன்னு ராக்கையா அண்ணே சொல்லலையா?

— எதுக்கா இருந்தா எனக்கென்ன?

— சுஜி. நமக்குள்ள மிஸ்டு கால்னா என்ன அர்த்தம்? நீதான் ஆரம்பிச்ச. ஆறாம் மாசம். மேல டவரு இல்ல, நெனச்ச நேரம் பேச முடியாது. புள்ள உதைக்கும்போதெல்லாம் ஒரு மிஸ்டு கால் குடுக்குறேன், பாறைக்கு ஏறும்போது பாத்துக்கோங்கன்ன.

— ஆமா.

— நீ அன்னைக்கு நான் எடுக்கணும்னுதான் அடிச்சிருப்ப. எனக்கு அப்படி வரல. ஸ்டோருக்குள்ள போனு செத்துத்தான் கெடக்கும். சாயங்காலம் இந்தப் பாறைக்குத்தான் ஏறினேன். டவரு கெடைச்சதும் வரிசையா விழுந்துச்சு. மிஸ்டு கால், மிஸ்டு கால், மிஸ்டு கால். ஒரு நாளும் அத்தனை வந்ததில்ல.

— வேணாம்.

— பய ஆட்டம் போடுறான்னு நெனச்சேன்.

— ஐயோ.

— உதைக்கிறான் பாரு, உதைக்கிறான் பாருன்னு போனைத் தூக்கிக் காட்டிக்கிட்டே எறங்கினேன். ராக்கையா அண்ணேகூடக் கட்டிப் புடிச்சாரு. அதுக்குத்தான் சாயா. அதுக்குத்தான் பழம்பொரி.

— ஐயோ மாமா.

— திருப்பி ஒரு தடவை அடிச்சிருக்கணும். நீ தூங்குவேன்னு விட்டுட்டேன்.

— ஏன் சொல்லல? எட்டு மாசமா ஏன் எங்கிட்டச் சொல்லல?

— எப்படிச் சொல்ல? நீ வெறும் வயித்தோட சொவத்தைப் பாத்துப் படுத்திருக்க. அந்த மூஞ்சிகிட்ட வந்து, அவன் உதைக்கிறான்னு நெனச்சு சந்தோஷமா இருந்தேன்னு சொல்லவா? அதுக்குப் பதிலா, பாத்தும் வராதவன்னே இருந்துட்டுப் போறேன்னு விட்டுட்டேன்.

— நான் உங்களை மனுசனே இல்லைன்னு சொன்னேன். அத்தை முன்னாடி வச்சே சொன்னேன். மேலயே கெடங்க, இந்தப் பக்கம் வராதீங்கன்னேன்.

— சொன்ன. பரவால்ல.

— பரவால்லையா? அத்தை... அழுகாதீங்க அத்தை.

— நான் எங்க அழுகுறேன்? ரிப்பனு முடிச்சு விழுந்துருச்சு, அவுக்கிறேன்.

— சுஜி? டவரு இருக்கா? கேக்குதா?

— கேக்குது.

— ஒயரைப் பிரிச்சாச்சா?

— பிரிச்சுட்டாங்க. ரெண்டையும் தள்ளி வச்சுட்டேன்.

— மோட்டாரைப் போட்டுட்டு, ஹோம் போட்டுப் பாரு.

— ...போகுது. பாதியத் தாண்டிருச்சு. தொட்டுருச்சு. பின்னாடி வருது... மெதுவாப் போகுது... ரெண்டாவது தடவையும் தொட்டுருச்சு.

— அவ்வளவுதான். இனி தப்பாது.

— வெட்ட விடுறேன்.

— இன்னைக்கே வெட்டணுமா ஆத்தா? செத்த பொறு. யோசிச்சுக்கிட்டு...

— பலகை மாட்டியாச்சு, பைலும் போட்டாச்சு அத்தை. எனக்குக் கையச் சும்மா வச்சுக்கிட்டு நிக்க முடியல. ஓடட்டும். நீங்க பக்கத்துல நின்னு பாத்துக்கங்க. நான் போயி மூஞ்சியக் கழுவிட்டு வர்றேன்.

— நான் என்னத்தப் பாக்க? ஆத்தா... போயிட்டா.

— அம்மா.

— சொல்றா.

— அழுகுறாளா?

— கொழாயத் தொறந்து விட்டிருக்கா. வேற ஒண்ணும் கேக்கல.

— நான் வரட்டுமாம்மா? என்ன சொல்லுவா?

— தெரியலடா அப்பு. இத்தனை நாளு தெரியும்னு நெனச்சேன். நீ இப்படிச் சொல்லுவேன்னு எனக்கென்ன தெரியும்? ஒரு வார்த்தை, எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கக் கூடாதா?

— மெசினு சத்தம் நல்லா இருக்கும்மா. ஒரே சீரா ஓடுது. ரொம்ப நாளாச்சு இந்தச் சத்தம் கேட்டு. அங்கதான் நிக்கிற மாதிரி இருக்கு. என்ன வெட்டுது?

— போர்டுதான்.

— அது தெரியும். என்ன எழுத்து? இனியுமா சொல்லக் கூடாது?

— நான் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். கண்ணாடியும் கையில இல்ல.

— கூட்டியே சொல்லு. அவ வர்ற வரைக்கும் ஏதாச்சும் பேசிக்கிட்டு இரு. போனை வச்சுறாத.

— ‘வீ’.

— ம்.

— அதுக்குப் பக்கத்துல ‘டு’.

— வீடு. வீட்டுக்குப் பேரா? யாரு புது வீடு கட்டுறா?

— அப்பு, வேணாம்டா. அவ வந்து சொல்லட்டும்.

— அடுத்து என்னம்மா?

— செத்த எடம் விட்டு... ‘வ’. இரு, கால் வாங்குது. ‘வா’.

— ‘வா’வா? ‘வா’ன்னா இருக்கு?

— ‘வா’தான். ஆனா—

— வீடு வா.

— இருடா—

— வீடு வான்னா எழுதியிருக்கா? அம்மா! அதான் யாருக்குன்னு சொல்ல மாட்டேன்னாளா? அதான் கேக்காதன்னியா நீயும்? எனக்கு வைக்கிற போர்டுக்கு எங்கிட்டயே மெசினைச் சரி பண்ண வச்சுட்டா பாத்தியா!

— டேய், செத்த நில்லுடா. முழுசாக் கேளு—

— வெரசா வர்றேன்மா. ராக்கையா அண்ணே ஜீப்பு லோடு ஏத்திக்கிட்டு கீழ நிக்குது. விட்டாப் போயிரும். போடிமெட்டு எறங்கி வெளக்கு வைக்கிற நேரத்துக்கு வாசல்ல நிப்பேன். அவகிட்டச் சொல்லாத. நானா வந்து நிக்கிறேன்.

— அப்பு! ஏய் அப்பு! பிரபு!

— என்ன அத்தை சத்தம்? எதுக்கு இப்படிக் கத்துறீங்க?

— போயிட்டான் ஆத்தா. ‘வீடு வா’ன்னு நெனச்சுக்கிட்டு போயிட்டான்.

— என்ன?

— என்ன வெட்டுதுன்னு கேட்டான். வீடு வாடகைக்குன்னு ஒரே வாயில சொல்ல எனக்கு வாய் வரல. ஒவ்வொரு எழுத்தாச் சொன்னேன். பாதியக் கேட்டுட்டு ஓடிட்டான். ஜீப்பைப் புடிக்கப் போறானாம். வாசல்ல வந்து நிப்பானாம்.

— வீடு வா.

— அப்படித்தான் சொன்னான். அவன் கொரலை நீ கேக்கலையே ஆத்தா. கூப்பிட்டுச் சொல்லு. வீட்டைப் பூட்டி வாடகைக்கு விட்டுட்டு, சாயங்கால ரயிலுக்கு நாம மதுரைக்கே குடி போறோம்னு சொல்லிரு. இங்க வந்து பூட்டைப் பாத்தா செத்துருவான்.

— அடிக்கிறேன்... போகல. பாறைய விட்டு எறங்கிட்டாரு.

— இன்னொரு தடவை அடி.

— அடிச்சா அவருக்கு எப்படி விழும்னு தெரியும்ல அத்தை? மிஸ்டு கால்னு விழும்.

— கடவுளே. அப்ப என்னதான் செய்ய?

— ரயிலு நாளைக்கும் இருக்கு. மெசினை நிறுத்துங்க.

— என்ன?

— நிறுத்துங்க அத்தை! ‘வா’வோட நிக்கட்டும். அவரு வந்து அதையே பாக்கட்டும். உங்க கைக்கிட்ட இருக்கிற செவப்புப் பட்டனு!

— எது ஆத்தா, இதுவா?

— அதுதான், அதுதான், அமுக்குங்க!

— அமுக்கிட்டேன். ...‘ட’ விழுந்துருச்சே, ஆத்தா.